ஜெனீவா டூ டோல்கேட்: கெட்ட காற்று மனித உரிமை மீறலா? யாரிடம், எத்தனை நாளுக்குள் புகார் கொடுக்கணும்?

2023 டிசம்பர் 26, செவ்வாய்க்கிழமை. நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. மூச்சு முட்டியது. என்ன ஏது என்று புரிவதற்குள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி ஊரையே காலி செய்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருப்பது டோல்கேட். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையும் குறையவில்லை, 'கேஸ் வாடை வருது, ஜன்னலைச் சாத்து' என்ற பேச்சும் குறையவில்லை. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடியால் மாணவிகள் பலர் மயங்கினார்கள். பள்ளி மறுபடி திறந்த நவம்பர் 4-ஆம் தேதியே மீண்டும் அதே கதை.

வடசென்னையில் இதற்குப் பெயர் 'பொல்யூஷன் பிரச்சினை'. புகார் என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியம், இல்லையென்றால் மறியல். ஆனால் உலக அளவில் இதற்கு இப்போது இன்னொரு பெயர் இருக்கிறது: மனித உரிமை மீறல்.

சரி, பெயர் மாறினால் என்ன ஆகிவிடும்? ஐ.நா.வில் இருந்து யாராவது டோல்கேட்டுக்கு வரப்போகிறார்களா? அந்த உரிமை எங்கே பிறந்தது, எந்த வழியாக இங்கே வருகிறது, எந்த இடத்தில் சிக்கி நிற்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எண்ணூரில் அன்று என்ன நடந்தது?

கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் உர ஆலைக்குக் கப்பலில் இருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் ஒன்று உண்டு. அந்தக் குழாயில்தான் கசிவு ஏற்பட்டது.

அப்போது மாசு கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட அளவீடுகள் நிலைமையைச் சொல்லும். ஒரு கனமீட்டர் காற்றில் அமோனியா 400 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது வரம்பு. ஆலை வாசல் பக்கம் இருந்தது 2,090. கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம். குழாய் இருந்த பகுதியில் இருந்தது 49.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் அடித்திருந்தது. புயலில் கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று தமிழக அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு சொன்னது. நிறுவனத்துக்கு 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. ஆலையை நிரந்தரமாக மூட வேண்டும் என்று சுற்றுவட்டார மீனவ கிராமங்கள் மாதக்கணக்கில் போராடின.

இது தனிச் சம்பவமும் அல்ல. அதே டிசம்பரில், அதே புயல் வெள்ளத்தில், மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பகுதியில் இருந்து எண்ணெய் வெளியேறி பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. வலையும் படகும் கருப்பாயின. பாதிக்கப்பட்ட 9,001 குடும்பங்களுக்கு தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 12,500 ரூபாய். மற்ற குடும்பங்களுக்கு 7,500 ரூபாய்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நிவாரணம் என்பது அரசு பார்த்துக் கொடுப்பது. உரிமை என்பது கேட்டு வாங்குவது. நிவாரணம் குறைவாக இருக்கிறது என்று சொன்னால் 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வரும். உரிமை மீறப்பட்டது என்று மனு போட்டால், யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பெயர் மாறுவதால் கிடைக்கும் முதல் லாபம் இதுதான்.

1948-ல் என்ன எழுதினார்கள்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 'சொந்த மக்களை ஓர் அரசு எப்படி நடத்தினாலும் அது உள்நாட்டு விவகாரம்' என்ற வாதத்தை உலகம் ஏற்க மறுத்தது. அதன் விளைவுதான் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம். 1948 டிசம்பர் 10-ஆம் தேதி பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது. 48 நாடுகள் ஆதரவு. எதிர்ப்பு பூஜ்யம். 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின.

இதில் இந்தியாவின் பங்கும் உண்டு. முதல் பிரிவில் 'ஆண்கள் அனைவரும்' என்று பொருள்படும்படி இருந்த வாசகத்தை 'மனிதர்கள் அனைவரும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. அதே காலத்தில் டெல்லியில் அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினர். நம் அரசியல் சட்டமும் இந்தப் பிரகடனமும் ஒரே காலத்தில் உருவானவை.

பிரகடனத்தின் 30 பிரிவுகளில் 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லே கிடையாது. ஆனால் உயிர் வாழும் உரிமை இருக்கிறது. உடல்நலத்துக்கு ஏற்ற வாழ்க்கைத் தரம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக எட்டாவது பிரிவு இருக்கிறது. உரிமை பறிக்கப்பட்டால் சொந்த நாட்டின் நீதிமன்றத்தில் பயனுள்ள பரிகாரம் பெறும் உரிமை என்கிறது அது. அதாவது, 'உங்கள் ஊர் கோர்ட்டுக்குப் போங்கள்' என்று பிரகடனமே 1948-லேயே வழி சொல்லிவிட்டது.

இந்தியா எதை ஏற்றது, எதை ஏற்கவில்லை?

பிரகடனம் என்பது வாக்குறுதி. அதைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக மாற்ற 18 வருடம் ஆனது. 1966-ல் இரண்டு உடன்படிக்கைகள் வந்தன. ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கு. மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு. இரண்டும் 1976-ல் நடைமுறைக்கு வந்தன. இந்தியா 1979 ஏப்ரல் 10-ல் இரண்டிலும் சேர்ந்தது.

இரண்டாவது உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு வடசென்னைக்காகவே எழுதியது போல இருக்கும். ஆரோக்கியத்துக்கான உரிமையை நிறைவேற்ற, அரசு சுற்றுச்சூழல் சுகாதாரத்தையும் தொழிற்சாலைச் சுகாதாரத்தையும் மேம்படுத்த வேண்டும் என்கிறது.

ஆனால் இந்தியா சேராத கதவுகளும் இருக்கின்றன. குடிமை உரிமை உடன்படிக்கையோடு ஒரு கூடுதல் நெறிமுறை உண்டு. அதில் சேர்ந்த நாட்டின் குடிமக்கள், உள்நாட்டில் நீதி கிடைக்கவில்லை என்றால் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு நேரடியாகப் புகார் அனுப்பலாம். இந்தியா அதில் சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் 1997-ல் கையெழுத்துப் போட்ட இந்தியா, இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம் மாதிரி. ஏற்புறுதி செய்தால்தான் கட்டுப்படுத்தும்.

சுத்தமான சூழல் எப்போது உரிமையானது?

ரொம்ப சமீபத்தில்தான். 2021 அக்டோபர் 8-ஆம் தேதி ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில், தூய்மையான, ஆரோக்கியமான, நிலைத்த சுற்றுச்சூழல் ஒரு மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. 43 நாடுகள் ஆதரித்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மற்ற மூன்று ரஷ்யா, சீனா, ஜப்பான்.

அடுத்த வருடம் அதே விஷயம் ஐ.நா. பொதுச்சபைக்குப் போனது. 2022 ஜூலை 28-ஆம் தேதி 161 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் ஒதுங்கின. இந்த முறை இந்தியா ஆதரவுப் பக்கம் நின்றது.

பொதுச்சபைத் தீர்மானம் சட்டம் அல்ல. அதை வைத்து நேரடியாக யாரையும் தண்டிக்க முடியாது. அப்போ எதற்கு? 'இதை உரிமை என்று நீங்களே உலகத்தின் முன்னால் ஒப்புக்கொண்டீர்களே' என்று உள்ளூரில் வாதாட அது ஒரு பிடி.

ஐ.நா. நேரடியாக நடவடிக்கை எடுக்குமா?

நேரடி பதில்: எடுக்காது. ஐ.நா.வுக்கு உரிமைகளை அமல்படுத்தும் போலீஸ் கிடையாது. அதன் கையில் இருப்பவை மூன்று கருவிகள்.

முதலாவது, பரிசீலனை. ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலவரத்தையும் சுமார் நான்கரை வருடத்துக்கு ஒருமுறை மற்ற நாடுகள் கேள்வி கேட்கும். இந்தியாவின் நான்காவது முறை 2022 நவம்பரில் நடந்தது.

இரண்டாவது, நிபுணர் குழுக்களின் விசாரணை. உடன்படிக்கையை எப்படி நிறைவேற்றினீர்கள் என்று அரசு அறிக்கை தர வேண்டும். ஆனால் குடிமை உரிமைகள் பற்றி 1997-ல் பரிசீலிக்கப்பட்ட இந்தியா, அடுத்து பரிசீலிக்கப்பட்டது 2024 ஜூலையில். நடுவில் 27 வருடம் ஓடிவிட்டது.

மூன்றாவது, சிறப்பு அறிக்கையாளர்கள். நச்சுக் கழிவு, சுற்றுச்சூழல், குடிநீர் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிபுணர் இருப்பார். பாதிக்கப்பட்டவர்கள் நேரடியாக எழுதலாம். அவர் அரசுக்குக் கடிதம் அனுப்பி விளக்கம் கேட்பார். இந்தக் கதவு இந்தியர்களுக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் அரசு பதில் சொல்லாமல் இருந்தால் தண்டனை எதுவும் கிடையாது.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தூத்துக்குடியே உதாரணம். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். மே 31-ஆம் தேதி ஐ.நா. நிபுணர்கள் கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஆலைக்குப் பூட்டுப் போட்டது அந்த அறிக்கை அல்ல. மே 28-ஆம் தேதி தமிழக அரசு பிறப்பித்த அரசாணை. அந்த மூடலை உறுதி செய்தது 2024 பிப்ரவரி 29-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

பக்கத்து நாட்டில் இன்னும் கசப்பான உதாரணம் உண்டு. ஐ.நா. குழுவுக்குத் தனிநபர் புகார் அனுப்பும் நெறிமுறையில் இலங்கை 1997-ல் சேர்ந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட ஒரு தமிழர் அந்தக் கதவைத் தட்டினார். வற்புறுத்தி வாங்கப்பட்ட வாக்குமூலத்தை வைத்து நடந்த விசாரணை நியாயமானது அல்ல என்று 2004-ல் ஐ.நா. குழு அவர் பக்கம் நின்றது. ஆனால் 2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்த நெறிமுறையில் நாடு சேர்ந்ததே அரசியல் சட்டப்படி செல்லாது என்று சொல்லி அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது. வெளியே ஜெயித்தார். உள்ளே கதவு மூடியிருந்தது.

அப்போ ஐரோப்பாவில் மட்டும் எப்படி?

ஐரோப்பாவில் நிலைமை வேறு. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. தனிநபர் ஒருவர் தன் அரசுக்கு எதிராக அங்கே வழக்குப் போடலாம். தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும்.

ஸ்பெயினில் லோர்கா என்ற ஊரில், ஒரு பெண்ணின் வீட்டில் இருந்து வெறும் 12 மீட்டர் தூரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் உரிமம் இல்லாமலேயே இயங்கத் தொடங்கியது. நாற்றம், வாயு, நோய். உள்ளூர் நீதிமன்றங்கள் கைவிட்ட பிறகு அவர் ஸ்ட்ராஸ்பர்க் போனார். 1994 டிசம்பரில், வீட்டில் நிம்மதியாக வாழும் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. ஸ்பெயின் அவருக்கு இழப்பீடு கொடுத்தது.

இத்தாலியின் டாரன்டோ நகரம் இன்னும் நெருக்கமான ஒப்பீடு. துறைமுகம், பெரிய உருக்காலை, அதை ஒட்டியே குடியிருப்பு. அங்கே 2019 ஜனவரியில் அதே நீதிமன்றம், மக்களை மாசில் இருந்து காப்பாற்ற இத்தாலி அரசு தவறிவிட்டது என்று சொன்னது.

ஆசியாவுக்கு இப்படி ஒரு நீதிமன்றம் கிடையாது. அதனால் டோல்கேட்வாசிக்கு இருக்கும் ஒரே வழி, உலக உரிமையை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்து கேட்பதுதான். அந்த வழியைப் போட்டுக் கொடுத்ததும் ஒரு தமிழ்நாட்டு வழக்குதான்.

பாலாறு போட்ட பாதை

வேலூர் மாவட்டத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் நிலமும் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டையும் 1992 ரியோ மாநாட்டையும் எடுத்துப் பேசியது. அங்கே உருவான இரண்டு கோட்பாடுகள் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒன்று, ஆபத்து நூறு சதவீதம் நிரூபணம் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே தடுக்க வேண்டும். இரண்டு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். மாசில்லாத சூழலில் வாழ்வது, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்பதும் மறுபடி உறுதியானது.

அதற்குப் பத்து வருடம் முன்பே டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு விதியைப் போட்டிருந்தது. ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் நடத்துகிறவர், விபத்து நடந்தால் முழுப் பொறுப்பு. 'நாங்க ஜாக்கிரதையாத்தான் இருந்தோம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்த வரிசையில் வந்ததுதான் 2010-ஆம் வருட தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். அதன் முகவுரையிலேயே ஸ்டாக்ஹோமும் ரியோவும் இருக்கின்றன. 21-ஆவது பிரிவும் இருக்கிறது. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் நடக்கிறது. ஐ.நா. மாநாட்டில் பேசிய உரிமை, டோல்கேட்டில் இருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு நீதிமன்றமாக இருக்கிறது.

அமோனியா கசிவில், யாரும் மனு போடும்வரை காத்திருக்காமல் இந்தத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்படி எடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு என்று 2021 அக்டோபர் 7-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்ததால் அது சாத்தியமானது. உரிய துறைகளிடம் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகே ஆலை மீண்டும் இயங்க வேண்டும் என்று 2024 மே மாதம் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

எந்தக் கதவு? எத்தனை நாள்?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். உரிமை இருந்தாலும், கேட்பதற்குக் காலக்கெடு இருக்கிறது. ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு கெடு.

மாநில மனித உரிமை ஆணையம்: 1993-ஆம் வருட மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1997-ல் தமிழ்நாட்டில் அமைந்தது. அலுவலகம் கிரீன்வேஸ் சாலையில். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும். ஒரு முக்கியமான விஷயம்: இங்கே தனியார் கம்பெனி மீது நேரடியாகப் புகார் கொடுத்தால் நிற்காது. மீறலைச் செய்த அல்லது தடுக்கத் தவறிய அரசு ஊழியர் மீதுதான் புகார் இருக்க வேண்டும். 'ஆலை புகை விடுகிறது' என்பதைவிட, 'மூன்று முறை எழுதியும் அதிகாரி ஆய்வுக்கு வரவில்லை' என்பதுதான் இங்கே எடுபடும்.

பசுமைத் தீர்ப்பாயம், பொதுவான வழக்கு: சுற்றுச்சூழல் பிரச்சினை முதலில் எழுந்த நாளில் இருந்து 6 மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் கிடைக்கும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

பசுமைத் தீர்ப்பாயம், இழப்பீடு: 5 வருடம். இதற்கும் தகுந்த காரணம் இருந்தால் 60 நாள் கூடுதல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 டிசம்பரில் நடந்த கசிவுக்கு மனித உரிமை ஆணையத்தின் ஒரு வருடக் கெடு 2024 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆறு மாதக் கெடுவும் முடிந்துவிட்டது. ஆனால் உடல்நலம், தொழில், சொத்து பாதிக்கப்பட்டதற்கு இழப்பீடு கேட்கும் கதவு 2028 டிசம்பர் வரை திறந்திருக்கிறது.

மாவட்ட ஆட்சியர்: போபாலுக்குப் பிறகு வந்த 1991-ஆம் வருடப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், ஆபத்தான ரசாயன விபத்தில் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கு உடனடி நிவாரணம் தருவது. கம்பெனியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கும் கெடு 5 வருடம்.

உயர் நீதிமன்றம்: உயிர் வாழும் உரிமை மீறப்பட்டால் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. டோல்கேட்டுக்கு ஹைகோர்ட் பக்கம்தான், ஆனால் நடைமுறையில் இதற்குப் பொதுவாக வக்கீல் தேவைப்படும்.

வக்கீலுக்குக் காசு எங்கே போவது?

1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவை வடசென்னைக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பும் பார்ப்பதில்லை. உதவி எண் 15100.

புகாரில் என்ன இருக்கணும்?

நெடி காற்றோடு போய்விடும். அதிகாரி வரும்போது எதுவும் இருக்காது. அதனால் எழுத்தில் இருப்பது மட்டும்தான் சாட்சி.

தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, காற்று எந்தத் திசையில் இருந்து அடித்தது என்று உடனே குறித்து வையுங்கள். மொபைலில் எடுத்த வீடியோவை அழிக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போனால் 'கேஸ் வாடையால் மூச்சுத்திணறல்' என்று நடந்ததைச் சொல்லி, ஓ.பி. சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். வெறும் 'இருமல்' என்று எழுதிய சீட்டு பின்னால் உதவாது.

மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போனில் சொன்னதற்குக் கணக்குக் கிடையாது. அன்றைய காற்றுத்தர அளவீட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். தெருவில் பத்து பேர் தனித்தனியாகக் கொடுத்த பத்துப் புகார்கள், ஒரே தேதியையும் நேரத்தையும் சொன்னால் அதைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

உத்தரவு வந்தால் எல்லாம் முடிஞ்சுதா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

மனித உரிமை ஆணையம் தருவது 'பரிந்துரை'. ரொம்ப காலம் அரசுத் துறைகள் அதை விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று எடுத்துக்கொண்டன. 2021 பிப்ரவரி 5-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றியது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், ஏற்பதா வேண்டாமா என்று அரசு தேர்ந்தெடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

தேசிய மனித உரிமை ஆணையத்தின் மேலும் கேள்விகள் இருக்கின்றன. தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டைத் தானாக விசாரணைக்கு எடுத்த ஆணையம், சில மாதங்களிலேயே, 2018 அக்டோபரில், கோப்பை மூடியது. அது சரியா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. உலக மனித உரிமை ஆணையங்களின் கூட்டமைப்பு, நம் ஆணையத்தின் மறு அங்கீகாரத்தை 2023, 2024 என அடுத்தடுத்த இரண்டு வருடங்களும் தள்ளிவைத்தது. விசாரணையில் போலீஸ் அதிகாரிகளையே வைத்திருப்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

பாலாற்றுக்கு என்ன ஆனது? 1996-ல் அவ்வளவு பெரிய தீர்ப்பு வந்தும், தோல் கழிவு நிற்கவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதே ஆறு, அதே கழிவு பற்றி மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இழப்பீடு கொடுப்பதோடு முடியாது, மாசு நீங்கும்வரை பொறுப்பு தொடரும் என்று சொன்னது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு இப்போது கல்யாணம் ஆகியிருக்கும்.

அப்போ இந்த உரிமைகளால் என்னதான் பிரயோஜனம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மேலே பார்த்த எல்லா வழக்குகளையும் திரும்பிப் பாருங்கள். லோர்காவில் கதவைத் தட்டியது, கழிவு நிலையத்துக்கு 12 மீட்டர் பக்கத்தில் இருந்த ஒரு பெண். வேலூரில், கிணறு கெட்டுப்போன ஊர்க்காரர்கள் அமைத்த ஒரு மன்றம். எண்ணூரில், அமோனியா கசிந்த மறுநாளே வாசலில் உட்கார்ந்து கிராமங்கள் போட்ட சத்தம். எந்த உரிமையும் மேலே இருந்து தானாக இறங்கி வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கீழே இருந்து குரல் எழுந்த பிறகுதான், மேலே இருந்த சட்டம் வேலை செய்யத் தொடங்கியது.

அடுத்த தடவை ராத்திரி கேஸ் வாடை வந்தால், முதலில் ஜன்னலைச் சாத்துங்கள். மூச்சு முட்டினால் 108-ஐ அழையுங்கள். அது முடிந்ததும் மணி என்ன என்று பார்த்து ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். காலக்கெடு அந்த நிமிடத்தில் இருந்துதான் ஓட ஆரம்பிக்கிறது.